பாண்டி கோடு போட்ட புத்தகம்

அழகர் ஆற்றில் இறங்கும் நாளில், அதுவும் மதுரையில், காசுக்கு மோர் விற்கப் போனவன் நான். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கிறுக்குத்தனத்தின் அளவு சட்டென்று புரியாது. அன்றைக்கு வைகைக் கரை நெடுகப் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுத்து, வேண்டாம் என்றாலும் விடாமல் சும்மாவே மோர் கொடுப்பார்கள். ஒவ்வொரு சித்திரையிலும் அந்த ‘ஓசி’ மோரைக் குடித்துவிட்டு, வயிறு களக் களக் என்று ஆட வீடு திரும்பியவன்தான் நானும். இருந்தும் விற்கப் போனேன். இஞ்சியும் பெருங்காயமும் மிதக்க, வெயிலில் புளித்துப்போன அந்த மோரின் வாடை, இன்றைக்கும் யாராவது மேடையில் ‘தொழில்முனைவோர்’ என்று ஆரம்பித்தால் என் மூக்கில் ஏறிவிடும்.

எல்லாம் ஒரு புத்தகத்தால் வந்த வினை. இன்னும் சரியாகச் சொன்னால், பாண்டியால் வந்த வினை. செல்லூரில் எங்களுக்கு எதிர்வீட்டுக்காரன், ஒன்பதாம் வகுப்பில் என் பெஞ்சுக்காரன். அவனுக்கு என்னைவிட மார்க்கு அதிகம், உயரம் அதிகம்; அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் நாகமலைப் பக்கம் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படிக்கிற குமரேசன் என்று ஓர் அண்ணன் வேறு அவனுக்கு இருந்தார். எனக்கு இருந்ததோ, என் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற ஒரு தம்பி.

அந்த வருஷம் முழுப்பரீட்சை லீவில் குமரேசண்ணன் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அட்டையில் கோட்டு போட்ட ஒருவர் ஏணியின் உச்சிப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். தலைப்பில் ‘தலைமை’, ‘வெற்றி’, ‘உயர்வு’ என்று ஒன்று விடாமல் இருந்தது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு, “ரெண்டு பேரும் இதப் படிங்க. திருவிழாவுல ஆளுக்கொரு யாவாரம் பண்ணுங்க. எவன் கெலிக்கிறானோ, புத்தகம் அவனுக்குத்தான்” என்றார். எனக்கு அந்தப் புத்தகம் வேண்டும்; அதைவிட முக்கியமாக, அது பாண்டிக்குப் போய்விடக் கூடாது.

முதலில் படித்தவன் அவன்தான். என் கைக்கு வந்தபோது அங்கங்கே சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தான். பார்த்ததுமே எனக்குள் புகைய ஆரம்பித்தது. பயல் சாரத்தையெல்லாம் கண்டுபிடித்துக் குறித்து வைத்துவிட்டான் என்று நினைத்தேன். சரி, அவன் உழைப்பு நமக்கு மிச்சம் என்று மற்ற பக்கங்களை விட்டுவிட்டு, கோடு போட்ட வரிகளை மட்டும் படித்தேன். ‘தேவையின் செறிவு மிகும் களத்தில் அளிப்பினை நிலைநிறுத்துக.’ ‘வேறுபாடே விலையின் உள்ளார்ந்த கூறு.’ முழுதாகப் பிடிபடவில்லை. பிடிபடாததால்தான் பெரிய விஷயமாக இருக்கும் என்று முடிவு செய்து, எங்கள் தெருவின் தறிச்சத்தத்துக்கு ஈடாகக் கத்தி மனப்பாடம் செய்தேன்.

பிறகு நானாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். தேவையின் செறிவு என்றால் தாகம். மிகும் களம் என்றால் வைகை ஆறு. வேறுபாடு என்றால், பந்தல் மோர் தண்ணீராக இருக்கும், நம்முடையது கெட்டியாக இருக்க வேண்டும். மோர் கடைந்து கொடுத்த அம்மா, “அன்னைக்கி எவன்டா காசு குடுத்து மோரு குடிப்பான்?” என்று கேட்டார். அந்தப் புத்தகத்தைப் படிக்காதவரிடம் என்ன வாதாடுவது என்று பானையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

ஆற்றுக்கு இறங்கும் சந்து முனையில் நான் பானையை இறக்கியபோதே பாண்டியின் வியாபாரம் முடிந்திருந்தது. அழகரை எதிர்கொள்ளச் சொம்பில் சர்க்கரை நிரப்பி, வாயை வாழை இலையால் மூடி, மேலே சூடம் ஏற்றுவார்கள். அவசரத்தில் பாதிப் பேர் இலையை மறந்துவிட்டு வருவதை அவன் போன வருஷமே பார்த்து வைத்திருக்கிறான். பரவை மார்க்கெட்டில் ஒதுக்கிப் போட்ட கிழிசல் இலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, சதுரம் சதுரமாக நறுக்கி, விடிவதற்குள் விற்றுத் தீர்த்துவிட்டான். “எப்புடியும் கிழிக்கத்தான போறோம் மாப்ள” என்றான், ஒரு குற்றமும் செய்யாதவன் மாதிரி.

என் கடைக்கு முதலில் வந்தவர் ஒரு மீசைக்காரர். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “நல்லாருக்கு தம்பி, இன்னொண்ணு ஊத்து” என்றார். ஊற்றிவிட்டுக் காசு கேட்டேன்.

“காசா? அழகரு வார அன்னைக்கி மோருக்குக் காசு கேக்குறியே, எந்த ஊருடா நீ?”

“செல்லூருண்ணே.”

“வெளிய சொல்லிறாத” என்று மீசையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் குடித்ததைப் பார்த்துப் பின்னால் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது. பந்தல் என்றே நினைத்து வந்தவர்களிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பானை அடி தெரிகிற நேரத்தில் பாண்டி வந்தான். ஒரு தம்ளர் மோர் வாங்கி ரசித்துக் குடித்துவிட்டு, ஜேபியிலிருந்து காசை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். அன்று எனக்குக் காசு கொடுத்த ஒரே ஆள் அவன்தான். அந்த வயிற்றெரிச்சலுக்கு அம்புட்டு மோரையும் நானே குடித்திருந்தாலும் பத்தியிருக்காது.

புத்தகம் அவன் வீட்டு டி.வி.க்கு மேலே போய் உட்கார்ந்தது. எப்போது போனாலும் அந்த ஏணிக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சளைக்காமல், கோடு போட்ட அந்த வரிகளை வைத்தே வாழ்க்கையை ஓட்டினேன். வேலைக்கான நேர்காணலில் அவற்றைத்தான் சொன்னேன். கேட்ட மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள். வேலை கிடைத்தது, உயர்வுதான் கிடைக்கவில்லை. இன்றைக்கு என்னைவிடப் பத்து வயது சின்னவர் எனக்கு மேலதிகாரி. அதற்காக நான் படிப்பை விட்டுவிடவில்லை. பழைய புத்தகக் கடைகளில் நிர்வாகம், தலைமைப் பண்பு என்று எது கிடைத்தாலும் வாங்கிவிடுகிறேன், யாராவது ஏற்கெனவே கோடு போட்டதாகப் பார்த்து.

பாண்டி இப்போது பாதி மதுரையின் கல்யாண மண்டபங்களுக்கு இலை சப்ளை செய்கிறான். போன மாதம் புது வீடு பால் காய்ச்சினான். நான் வாசலில் இருந்த காரைப் பார்க்காத மாதிரி நடித்துக்கொண்டு உள்ளே போய், டி.வி.யைத் தேடினேன். அது சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தது; மேலே புத்தகம் வைக்க இடமே இல்லை. பழைய வீட்டின் தறிச்சத்தமும் இங்கே இல்லை. புத்தகம் எங்கே என்றேன். “பழைய பேப்பரோட போயிருக்கும் மாப்ள” என்றான், பந்திக்கு இலை போடச் சொல்லிக்கொண்டே.

‘தேவையின் செறிவு’ தொடங்கி ஒவ்வொரு வரியையும் பிசகாமல் ஒப்பித்துவிட்டு, இத்தனை வருஷமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன்: “நெசத்தச் சொல்லு மாப்ள. நீ கோடு போட்டு வச்சியே, அதுல எந்த வரிய வச்சு மேல வந்த?”

பாண்டி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

“அது எனக்குப் புரியாத எடம் மாப்ள, அண்ணங்கிட்ட கேக்கலாம்னு கோடு போட்டேன்.”