யாரையும் கேட்காமல்

திருச்சூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் அப்பா முதலில் பார்த்தது வானத்தைத்தான். தகரப் பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணாந்தபடி நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். கர்க்கடக மாதம், நம் ஆடி. வானம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். எந்த மூலையிலும் வெளிச்சத் திட்டு என்று ஒன்று கிடையாது. மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. "இந்த ஊருல பொழுதையே காணமே கண்ணு" என்றார். பொழுது என்று அவர் சொன்னது சூரியனை. அவர் குரலில் லேசாக ஒரு கலக்கம் இருந்ததை நான் கவனித்தேன். எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது. ஏன் என்று புரிய அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு முதலமடைப் பக்கம், பாலக்காடு தாண்டித் தமிழ்நாட்டு எல்லையோரம். மாந்தோப்பு கொஞ்சம், கடலை விதைக்கிற காடு கொஞ்சம். தோட்டத்தில் எங்கே நின்று பார்த்தாலும் தெற்கே தென்மலை நிற்கும். மழையெல்லாம் அந்த மலையோடு நின்றுவிடும். எங்கள் பக்கம் வெறும் காற்றுதான் வரும். அப்படி ஒரு இடத்தில் பிறந்து வளர்ந்ததாலோ என்னவோ, அப்பாவுக்கு இடது, வலது என்பதே வாயில் வராது. எல்லாம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்குதான். சாப்பிட உட்கார்ந்தால் "எலைக்கு வடக்கால ரெண்டு கரண்டி போடு" என்பார். அம்மாவும் சற்றும் யோசிக்காமல் சரியான பக்கம் பரிமாறுவாள். எங்கே படுத்தாலும் வடக்கு எது என்று தெரிந்த பிறகுதான் அவருக்குத் தூக்கம் வரும். இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கை. ஆனால் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது, அது வேடிக்கை அல்ல. தன் பிள்ளை இருக்கும் இடத்துக்குத் தனக்கு வழி தெரிந்திருக்க வேண்டும். விலாசம் தெரிந்தால் போதாது, வழி தெரிய வேண்டும். அக்காவைப் பொண்ணு கேட்டு வந்தபோது மாப்பிள்ளையின் நிலபுலன், குணம், ஜாதகம் எல்லாம் பொருந்தியும் அவர் சம்மதம் சொல்லவில்லை. கோவிந்தாபுரம் வழியாக ஒரு நாள், ஆனைமலை சுற்றி ஒரு நாள், காட்டுத் தடத்தில் ஒரு நாள் என்று மூன்று வழியில் மாப்பிள்ளை ஊருக்குத் தனியாகப் போய்த் திரும்பிய பிறகுதான் வெற்றிலைத் தட்டை வாங்கினார்.

சித்தூரில் ப்ரீ டிகிரி முடித்து, திருச்சூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எனக்கு பி.எஸ்ஸி. இடம் கிடைத்தபோதும் அப்படித்தான். படிக்க வைப்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. விண்ணப்பம் வாங்கியதும் அவர்தான், கொல்லங்கோட்டுக்குக் கூட்டிப்போய்ப் போட்டோ எடுக்க வைத்ததும் அவர்தான். ஆனால் புறப்படுவதற்கு முந்தின நாள் சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்: "ஒரு சேதி வந்துதுன்னா, எந்நேரமானாலுஞ் செரி, நான் யாரையுங் கேக்காம உன்ர முன்னால வந்து நிக்கோணும். அப்படி நிக்க முடியாத எடத்துல உன்னைய உட்டுப்போட்டு வரமாட்டன். கூட்டீட்டு வந்துருவன்." கோபமாகச் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் கட்டும் முறை யாருடையது என்று சொல்கிற குரலில் சொன்னார். அவர் அந்தக் குரலில் சொன்னதை யாரும் மாற்றியது கிடையாது. காலையில் ஊறுகாய் ஜாடியைத் துணியில் கட்டிக் கொடுத்த அம்மா என் காதருகில், "உங்கப்பா வழி தப்புனாலும் நீ தப்பீராத கண்ணு" என்றாள்.

போன மாதம் என் மகன் தன் மகளைப் பெங்களூரில் ஒரு கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்தான். வழி நெடுகக் கைப்பேசி பேசிக்கொண்டே வந்ததாம். திரும்பு என்ற இடத்தில் திரும்பி, நில் என்ற இடத்தில் நின்றார்களாம். விடுதி வாசல் எந்தத் திசை பார்த்து இருக்கிறது என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "அது எதுக்கும்மா" என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பத்திரமாகப் போனான், பத்திரமாக வந்தான். ஆனால் அன்று இரவெல்லாம் எனக்குத் திருச்சூர் ஞாபகமாகவே இருந்தது.

திருச்சூரில் எங்களுக்கு யாரையும் தெரியாது. இறங்கும்போது பஸ் கண்டக்டர் என் பெட்டியைப் பார்த்துவிட்டு, கேட்காமலே வழி சொன்னார். வடக்கே போய் ரவுண்டில் ஏறி நேரே நடந்தால் போதும், கல்லூரி விடுதிக்குப் போகிற ரோடு வந்துவிடும் என்றார். அவராகச் சொன்னதால் அது கேட்டதாகாது என்பது அப்பாவின் கணக்கு. துண்டைச் சும்மாடாகச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் பெட்டியை ஏற்றிக்கொண்டார். போர்ட்டர் ஒருவர் ஓடி வந்தார், அப்பா வேண்டாம் என்றுவிட்டார். படுக்கைச் சுருட்டு என் தோளில். இரும்பு வாளிக்குள் ஊறுகாய் ஜாடி. குடை ஒன்றுதான், அதை நான் பிடித்திருந்தேன், அது இருவரையும் நனைத்தது. ரவுண்டு என்ற அகலமான ரோட்டுக்கு வந்து, இடது பக்கமாகத் திரும்பினோம். முனையில் ஒரு குடைக்கடை. வாசலில் விளம்பரத்துக்காக ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புக் குடையை விரித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். வலது கைப் பக்கம் மரங்கள் நிறைந்த பெரிய மைதானம். அப்பா "இது மேக்கால போற ரோடு" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டு நடந்தார்.

நடந்தோம். துணிக்கடை, நகைக்கடை, மருந்துக்கடை, சினிமாக் கொட்டகை. நான் ஒவ்வொரு பலகையாகப் படித்துக்கொண்டே வந்தேன். பாதிப் பலகைகளை மழைக்குக் கட்டியிருந்த படுதா மறைத்திருந்தது. வலது பக்கத்து மைதானம் முடிகிற வழியாகவே இல்லை. முக்கால் மணி நேரம் போயிருக்கும், எதிரே ஒரு பெரிய கறுப்புக் குடை தொங்கியது. நான் நின்றுவிடாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன். அப்பா பெட்டியைச் சற்றே திருப்பி அந்தக் குடையைப் பார்த்தார். "பெரிய யாவாரிதான். ஒரே மாதிரி ரெண்டு கடை போட்டிருக்கறான்" என்றார். "ஆமாங்கப்பா" என்றேன். அவருக்கும் தெரிந்திருந்தது, எனக்கும் தெரிந்திருந்தது. ஒருவருக்காக ஒருவர் அந்த இரண்டாவது கடையை நம்பிக்கொண்டு மேலே நடந்தோம். அவர் வாயால் வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் என் படிப்பு அந்த இடத்திலேயே முடிந்தது. அதனால் நான் எதிர்ப்படுகிற யாரையும் கேட்கவில்லை. கேட்டால் அவரைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது தடவையாக அந்தக் குடைக்கு முன்னால் வந்தபோது கடைக்காரரே கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்தார். நெற்றியில் சந்தனக் கீற்று, கையில்லாத பனியன். "ரெண்டு பிரதட்சிணம் கழிஞ்ஞல்லோ காரணவரே. நேர்ச்சயாணோ?" என்று கேட்டார். இரண்டு சுற்று முடிந்துவிட்டதே பெரியவரே, வேண்டுதலா என்று அவர் உண்மையாகவே பக்தியோடுதான் கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அந்த மைதானத்துக்கு நடுவில் வடக்குநாதர் கோயில். ரவுண்டு என்பது அதைச் சுற்றி வட்டமாகப் போகிற ரோடு. வளைவு பெரிதாக இருந்ததால் வளைவது காலுக்குத் தெரியவில்லை. வானத்தில் சூரியன் இருந்திருந்தால் அப்பாவுக்குப் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். தலையில் பெட்டியும் வாளியில் ஊறுகாயுமாக இரண்டு சுற்று சாமியைச் சுற்றியிருக்கிறோம்.

அப்பா பெட்டியை இறக்கிக் கடைப்படியில் வைத்தார். தானும் உட்கார்ந்தார். கடைக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். பிறகு என்னைப் பார்க்காமல், "அஞ்சரைக்குக் கொல்லங்கோட்டு பஸ் இருக்குது. போலாமா கண்ணு, ஊட்டுக்கு" என்றார். அந்தக் குரலில் தோல்வி இருந்தது. என்மேல் கோபமில்லை, ஊர்மேலும் கோபமில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கடைக்காரரிடம் திரும்பி, விடுதியின் கடிதத்தை நீட்டி, மலையாளத்தில் வழி கேட்டேன். அப்பாவை மீறி நான் செய்த முதல் காரியம் அதுதான்.

கடைக்காரர் படித்துவிட்டு, கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே போகிற ரோடு, அதில் இரண்டாவது சந்து என்றார். அப்பா தலையைத் தூக்கினார். "கெழக்குக் கோபுரமா? அப்படீன்னா மத்தது?" என்று தமிழிலேயே கேட்டார். நாலு திசைக்கும் நாலு கோபுரம், உங்களுக்கு எதிரே மரங்களுக்கு நடுவில் ஓட்டுக் கூரையோடு தெரிகிறதே அது தெற்கு என்று கடைக்காரர் கை காட்டினார். அப்பா எழுந்து நின்று அந்தக் கூரையை வெகுநேரம் பார்த்தார். ஊருக்கு நடுவில் இப்படி ஒன்றைக் கட்டி வைத்துவிட்டு யாரும் தன்னிடம் சொல்லவில்லையே என்பதுபோல இருந்தது அவர் முகம். பிறகு சும்மாட்டைச் சுருட்டினார். இந்த முறை அவர் நடந்த வேகத்துக்கு நான் ஓட வேண்டியிருந்தது.

கால் மணி நேரத்தில் விடுதி. அந்த ரோட்டு முனையை இரண்டு தடவை தாண்டியிருக்கிறோம். வார்டன் ஒல்லியான ஒரு அம்மாள், அதிகம் பேசாதவர். பேரேட்டில் அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஜன்னலோரம் ஒரு கட்டில் கிடைத்தது. அப்பா கிணற்றை எட்டிப் பார்த்தார், சுற்றுச்சுவரைப் பார்த்தார், கட்டிலைக் குலுக்கிப் பார்த்தார். வாசலுக்கு வந்ததும், "எடம் நல்லாத்தான் இருக்குது" என்றார். நான் மூச்சு விடுவதற்குள், "ஆனா இது கடைக்காரரு சொன்ன வழி. எனக்குத் தெரிஞ்ச வழின்னு சொல்ல முடியாது. பெட்டியத் தொறக்காத. நான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிட்டு, யாரையுங் கேக்காம திரும்பி வர்றன். வந்தன்னா பாத்துக்கலாம்" என்றார். வராவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்போது மணி நாலேகால்.

பூட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். ஐந்து மணி ஆயிற்று. மழை வலுத்தது. வேறு பெண்கள் பெட்டிகளைத் திறந்து துணி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஐந்தேகால் ஆனதும் என்னால் உட்கார முடியவில்லை. படிப்பு போகிறதே என்ற கவலை எப்போது கழன்றது என்று தெரியவில்லை. அறிமுகமில்லாத ஊரில், மழையில், யாரையும் கேட்க மாட்டேன் என்ற பிடிவாதத்தோடு அப்பா எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறார் என்ற ஒன்றுதான் மனதில் இருந்தது. கேட்க மாட்டார், செத்தாலும் கேட்க மாட்டார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆறு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவோம் என்று வாட்ச்மேன் பின்னால் கத்தினார்.

சந்திலிருந்து ரோடு, ரோட்டிலிருந்து ரவுண்டு, குடைக்கடை, தெற்கே இறங்கினால் பஸ் ஸ்டாண்டு. ஓட்டமும் நடையுமாகப் போனேன். கொல்லங்கோட்டு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஏறி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவர் இல்லை. டீக்கடையில் பார்த்தேன், டிக்கெட் கொடுக்கும் இடத்தில் பார்த்தேன். பஸ் போய்விட்டது. அவரைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி திரும்பி ஓடினேன். வழியில் தலைக்குத் துண்டு போட்ட ஆள் யாரைப் பார்த்தாலும் நின்று பார்த்தேன்.

விடுதி வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். சொட்டச் சொட்ட நனைந்து, வாட்ச்மேனிடம் ஏதோ சண்டைபோல் பேசிக்கொண்டு. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். எனக்கு வந்த ஆத்திரத்தில், "எங்கீங்கப்பா போனீங்க" என்றேன். அப்படிக் குரலை உயர்த்தி நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"ரயில் டேசனுக்கும் போயிட்டு வந்தன். அங்கிருந்து ஒரு வழி, பஸ் ஸ்டாண்டுலருந்து ஒரு வழி. ரெண்டும் பாத்தாச்சு" என்றார். "நீ எங்க போயிட்டு வர்றே?"

"உங்களைத் தேடீட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனனுங்க."

"தனியாவா?"

"ஆமாங்க."

"யாரையாச்சும் வழி கேட்டயா?"

அப்போதுதான் யோசித்துப் பார்த்தேன். போகும்போது கேட்கவில்லை. வரும்போதும் கேட்கவில்லை. இல்லீங்கப்பா என்று சொன்னபோது என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது. அப்பா துண்டை எடுத்துப் பிழிந்தார். உதறினார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். கொல்லங்கோட்டு பஸ் போய்விட்டதாகச் சொன்னேன். பாலக்காடு போய் மாறிக்கொள்வதாகச் சொன்னார். வாட்ச்மேன் கதவின் ஒரு பக்கத்தைச் சாத்த ஆரம்பித்தார்.

"உள்ள போயிப் பெட்டியத் தொறந்துக்க கண்ணு" என்றார் அப்பா.