சனிக்கிழமை வானொலி

ஹம்பேர்க்கில் அப்பா டாக்சி ஓட்டினார். சனிக்கிழமைகளில் பல மைதானங்களின் கால்பந்தாட்டங்களை வானொலி ஒரே நிகழ்ச்சியில் தரும். எங்கே கோல் விழுந்தாலும் அங்குள்ள செய்தியாளர் மற்றவரை இடைமறித்துக் கத்துவார். அதைக் கேட்டே அப்பா ஜெர்மன் பழகினார். அவரோடு கேட்டு வளர்ந்த நான் விளையாட்டுச் செய்தியாளராக ஆசைப்பட்டேன்.

போன வருடம் வந்த பக்கவாதம் அவருடைய ஜெர்மனைக் கொண்டுபோனது. தமிழ் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சியில் நான் முதல்முறை செய்தியாளராகப் பேசி முடித்ததும் அம்மாவை அழைத்தேன்.

"நீ கதைக்கேக்க எவனோ இடையில கத்திப்போட்டான். மரியாதை தெரியாதவன்."

"அங்க கோல் விழுந்ததம்மா. அப்பா கேட்டவரோ?"

"ஓம், உன்ர குரலை உடன கண்டுபிடிச்சிட்டார். பிள்ளை என்ன சொல்லுது எண்டு என்னைக் கேட்டவர். எனக்கு உந்தப் பந்து விளங்குமோ?"

போனை அப்பாவிடம் கொடுக்கச் சொல்லி, ஆட்டத்தைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். முடியவில்லை. எனக்குத் தெரிந்த கால்பந்துச் சொற்கள் எல்லாம் ஜெர்மனில் இருந்தன.