ஏழாவது கத்தியின் பிடி

மாசி மாதம், இரண்டாம் திங்கட்கிழமை. காலை ஏழு மணிக்குத் தம்பி, திண்டிவனத்திலுள்ள தம் மடக்குக் கத்திப் பட்டறையைத் திறந்தார். எட்டரை மணிக்கு, எனக்கென்று செய்துவந்த கத்தியின் ஏழாவது மாதிரியில், பித்தளைப் பிடியின் ஒருபுறம் புளியங்கட்டையை ஒட்டினார். மறுபுறத்துக்கான கட்டையை இழைத்து மேசைமேல் வைத்தார். ஒன்பது மணிக்கு மார்பில் வலி என்றார். ஒன்பதே முக்காலுக்கு மருத்துவமனையில் சேர்த்தனர். பத்தேகாலுக்கு உயிர் பிரிந்தது. விழுப்புரத்திலிருந்து நான் சென்று சேர்ந்தபோது மணி பதினொன்றரை.

தம்பி பிறந்தது திண்டிவனத்துக்கு அருகிலுள்ள பிரம்மதேசம் கிராமத்தில், எனக்கு நான்காண்டுகள் பின்னால். எங்கள் தந்தையார் காலமானபோது இருவரில் ஒருவரே படிப்பைத் தொடரலாம் என்ற நிலை. தம்பி கடைசல் பட்டறைக்குச் சென்றார். நான் கல்லூரிக்குச் சென்று, வேதியியல் பேராசிரியராக ஓய்வுபெற்றேன். இதைத் தியாகம் என்று எவரேனும் சொன்னால் தம்பி ஒப்பமாட்டார். "எனக்குப் படிப்பு, கத்திப் பிடிக்குப் பப்பாளி மரம் வச்ச மாதிரிங்க" என்பார்.

பிடிக்கு ஒரு பொருளைத் தேர்வதற்குமுன் அவர் அதைப் படுத்தும் பாடு கொஞ்சமன்று. கடலோரத்து மீனவர்களுக்கான மரம் உப்புநீர் வாளியில் மாதக்கணக்கில் ஊறும். எருமைக் கொம்பு மொட்டைமாடி வெயிலில் கிடந்து கீறல் விடும். அத்தோடு அது விலக்கப்படும். எண்ணெய் தடவிய கையால் பிடித்துப் பாராமல் எந்த மாதிரியும் வெளியே போனதில்லை.

வானூர்ப் பக்கத்து நாற்றங்காலில் மாஞ்செடிக்கு ஒட்டுக் கட்டும் பெண்களுக்காக, ஈட்டி மரத்தில் பிடி போட்டுச் சிறு கத்தி ஒன்று செய்தார். அதன் அழகை நான் மெச்சினேன். பத்தே நாளில் அப்பெண்களுள் ஒருவர் பட்டறைக்கு வந்தார்.

"அழகாத்தான் கீதுங்க. புல்லுல உழுந்தா எங்க போயி தேடறது? நேத்து அர நாளு தேடிக்கினே இருந்தேன்."

உடன் வந்தவர், "அண்ணன் கத்தியா செய்யறாரு? கண்ணாமூச்சி இல்ல ஆடறாரு" என்றார்.

தம்பியும் சேர்ந்து சிரித்தார். அடுத்த மாதிரிக்குப் பளிச்சென்ற சிவப்பு பிளாஸ்டிக் பிடி போட்டார். தம் கைவேலையின் அழகை அத்தனை எளிதாகக் கைவிட்ட ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மூன்றாண்டுகளாக என் வலக்கை நடுங்குகிறது. அதற்குமுன், நாள்தோறும் காலையில் என் மனைவிக்குக் கொய்யாப்பழம் நறுக்கித் தருவது என் வழக்கம். மீண்டும் அதைச் செய்ய வேண்டும் என்று தம்பியிடம் ஒரே ஒருமுறை சொன்னேன். வலுவிழந்த கைக்கு எடை குறைந்த பிடியே உகந்தது என்று அறிவுரையும் கூறினேன். பிசின் ஊட்டிய இழைத் தகடு ஒன்றைப் பரிந்துரைத்து, அதன் அமைப்பையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அதில் இரண்டு மாதிரிகள் செய்தார். இரண்டும் என் கையோடு சேர்ந்து நடுங்கின.

அதன்பின் அவர் இல்லத்துக்குச் செல்லும்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் வெவ்வேறு பாத்திரங்களில் வந்தது. ஒருநாள் அலுமினியக் குவளை, ஒருநாள் எவர்சில்வர் டம்ளர், பிறகு பித்தளைச் சொம்பு. தம்பியின் துணைவியாருடைய உபசரிப்பு என்றே எண்ணியிருந்தேன்.

"அண்ணா, சொம்புல குடிக்கறப்ப நீங்க தண்ணி சிந்தல, பாத்தீங்களா?" என்றார் தம்பி ஒருநாள். "லேசா இருந்தா கை அது இஷ்டத்துக்குப் போவுது. கனமா இருந்தா கொஞ்சம் யோசிக்குது."

"ஆமாம், சொம்பு சொம்பா ஆராய்ச்சி நடக்குது" என்றார் அவர் துணைவியார். "வூட்டு அருவாமனைய தீட்டிக் குடுங்கன்னு பொங்கலுக்கு முன்னாடி புடிச்சு சொல்லிக்கினு இருக்கேன்."

பொருள்களின் இயல்பை வாழ்நாளெல்லாம் கற்பித்தவன் நான். அப்பொருளைப் பற்றும் கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று எந்த வகுப்பிலும் சொன்னதில்லை. அன்று நான் உணர்ந்ததற்கு வியப்பு என்ற சொல் சிறியது.

மூன்றாவதிலிருந்து எல்லா மாதிரிகளுக்கும் பித்தளைப் பிடி. அலகு தானே மடங்கிவிடாதபடி, உள்ளங்கையால் திருப்பக்கூடிய அகன்ற வளையம் ஒன்றையும் பிடியின் கழுத்தில் பொருத்தினார். ஆறாவது கத்தியால் பாதிப் பழம் நறுக்கினேன். பிறகு கை வியர்த்துப் பித்தளை வழுக்கியது. அதனாலேயே ஏழாவதற்குப் பித்தளையின் மேல் புளியங்கட்டை.

அந்தத் திங்கட்கிழமை காலை தம்பியைத் தாங்கிச் சென்ற பக்கத்துக் கடைக்காரர்களுக்கும், ஆட்டோ ஓட்டுநருக்கும், ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வானூரிலிருந்து வந்து நின்ற பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. பட்டறையில் பிடி பொருத்தும் செல்வி, தம்பி விட்டுச்சென்ற மேசையை இதுவரை எவரையும் தொடவிடவில்லை.

"அவரே இழச்ச கட்டைங்க ஐயா. நீங்க சொன்னாத்தான் ஆணி எறக்குவேன்" என்றார் அவர்.

பதினாறாம் நாள் கழியட்டும் என்றேன்.

எஞ்சியுள்ள வேலைகள்:

வானூருக்கான சிவப்புப் பிடிக் கத்திகளை அனுப்புதல்.

உப்புநீர் வாளியில் கிடக்கும் வேலங்கட்டையை ஆடியில் எடுத்துப் பார்த்தல். அதற்குமுன் தொடக்கூடாது என்று தம்பி எழுதி ஒட்டியிருக்கிறார்.

வீட்டு அரிவாள்மனையைத் தீட்டுதல்.

ஏழாவது கத்தி: மறுபுறக் கட்டையை ஒட்டி, மூன்று ஆணிகள் இறக்குதல். செல்வி செய்வார்.

கொய்யாப்பழம் ஒன்று. நறுக்க வேண்டியவன் நான்.