தொலைபேசிப் புத்தகத்தில் ஒரு வரி

கிரெஸ்பாரா ஊரின் தொலைபேசிப் புத்தகத்தில் கிரிவெல்லாரோ என்ற குடும்பப் பெயருக்கு ஒன்றரைப் பக்கம். போர்த்தலூமே என்ற பெயருக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு உரியவரும் இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது.

செவெரீனோ போர்த்தலூமே போன பிறகும் அவர் மனைவி ஜெல்மீனா அந்த வரியை மாற்றச் சொல்லவில்லை. மாற்றினால் அவளும் அந்த ஒன்றரைப் பக்கக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துவிடுவாள். அவள் பிறந்த வீடு கிரிவெல்லாரோ. கல்யாணம் ஆனாலும் காகிதத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயர்தான் கடைசி வரைக்கும். வாசல் மணிக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைத் தகட்டில் மட்டும் இரண்டு பெயர்களும் மேலும் கீழுமாக இருந்தன. மேலே இருந்ததை அவள் வாரம் ஒரு முறை துடைப்பாள். கீழே இருந்தது தானாகக் கறுத்துக்கொண்டிருந்தது.

முதன்முதலில் அவள் காதில் போர்த்தலூமே என்ற பெயர் விழுந்தது ஐம்பத்தொன்றாம் வருஷ வெள்ளத்தில். போ ஆறு கரையை உடைத்து ஊரைக் கொண்டுபோனது. பிழைத்தவர்களைப் பாதுவா நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தங்க வைத்திருந்தார்கள். காலையில் கம்பளி கொடுப்பதற்காக ஒருவர் மேஜைமேல் ஏறி நின்று பெயர் வாசித்தார். கிரிவெல்லாரோ என்றதும் முப்பது பேர் எழுந்தார்கள், அவளும் அவள் அக்காமார்களும் சித்தப்பா பிள்ளைகளுமாக. எந்தக் கிரிவெல்லாரோவுக்கு எந்தக் கம்பளி என்று தீர்க்கவே அரை மணி ஆயிற்று. பிறகு போர்த்தலூமே என்றார். மூலையில் ஒரே ஒருவன் எழுந்தான். ஒல்லி. காலில் இரண்டு வேறு வேறு பூட்ஸ்.

அவன் திரும்பி வரும்போது ஜெல்மீனா கேட்டாள்: "உன் ஆளுங்க எல்லாம் எங்க?"

"நான்தான் எல்லாரும்" என்றான் அவன்.

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனாலும் அன்று அவள் தன் கம்பளியைப் பாதி அவன் பக்கம் விரித்துப் போட்டாள்.

கல்யாணமான புதிதில், சினிமாவுக்குப் போகலாம் என்று ரொவீகோ நகரத்துக்குக் கூட்டிப்போனான். சினிமாவுக்குப் பதில் தொலைபேசி நிலையத்துக்குள் நுழைந்தான். அங்கே நாட்டின் எல்லா மாகாணத்துப் புத்தகங்களும் வரிசையாகத் தொங்கின. இரண்டு பேரும் நின்றபடியே சாயங்காலம் வரை 'போ' வரிசையைப் புரட்டினார்கள். தொரீனோவில் ஒன்று. சதுப்புநிலம் திருத்தப் போனவர்கள் குடியேறிய லத்தீனாவில் ஒன்று. கிரெஸ்பாராவில் அவர்களுடையது. மொத்த இத்தாலிக்கும் மூன்று வரி. அந்த வழக்கம் நின்றுபோகவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பார்கள், தூரத்து உறவினரை நலம் விசாரிப்பதுபோல. ஒரு வருஷம் தொரீனோ வரி இல்லை. பிறகு லத்தீனாவும் இல்லை. அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் அவர் ஒவ்வொருவருக்கு ஒவ்வொன்று சொல்வார். கோயில் பதிவேட்டில் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தப் பெயர் இருந்தது. விளக்குத் தூக்குகிறவன் என்று பொருள். வெள்ளக் காலத்தில் கரைக் காவலர்களுக்கு முன்னால் விளக்குடன் நடந்த குடும்பம் என்பார் பாதிரியார். செவெரீனோ சிரிப்பார்: "ஊரே மண்வெட்டி பிடிச்சுக் கரை போட்டிருக்கு. எங்க ஆளுங்க விளக்கப் பிடிச்சுட்டு சும்மா நின்னே பேர் வாங்கிட்டாங்க."

ஊரில் அந்தப் பெயருக்கு இன்னொரு இடமும் இருந்தது: கல்லறைத் தோட்டத்தில், வடக்குச் சுவரோரம் ஓர் இரும்புச் சிலுவை. எலிசேயோ போர்த்தலூமே, செவெரீனோவின் தாத்தா. 1888இல் நான்கு சகோதரர்கள் கப்பலுக்குச் சீட்டு வாங்கினார்கள். மூன்று பேர் அர்ஜென்டினாவுக்குப் போனார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டுமே என்று கடைசி எலிசேயோ நின்றுவிட்டார். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, செவெரீனோ அந்தச் சிலுவைக்குத் தவறாமல் ஒரு சாமந்தித் தொட்டி வைப்பார். "போனவங்க பிள்ளைங்க என்னிக்காவது தேடி வருவாங்க. வந்தா காட்ட ஒரு இடமாவது வேணும்ல, ஜெல்மீனா" என்பார்.

அவர் இறந்த அடுத்த மாதமே அது நடந்தது. மதியம் தொலைபேசி அடித்தது.

"போர்த்தலூமே வீடா?" ஒரு பெண் குரல். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. பேச்சோ பழைய கிரெஸ்பாராப் பேச்சு. ஜெல்மீனாவின் பாட்டன் காலத்தோடு மறைந்த சொற்களெல்லாம் அதில் இருந்தன.

"ஆமா."

"நான் நேலிதா போர்த்தலூமே. அர்ஜென்டினால இருந்து பேசறேன். தூதரகத்துல புத்தகத்தப் பார்த்து நம்பர் எடுத்தேன். செவெரீனோ இருக்காரா?"

"இல்லம்மா. போய்ச் சேர்ந்துட்டார். நான்தான் இருக்கேன்."

"ஐயோ, உங்க அண்ணனா?"

லைன் இரைந்தது. ஜெல்மீனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அந்தப் பக்கம், "பரவால்லக்கா, நீங்க இருக்கீங்களே, அது போதும்" என்றாள் நேலிதா. ஜெல்மீனா திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

அப்படித் தொடங்கியது ஆறு வருஷம் ஓடியது. மாதம் ஒரு முறை பேச்சு, இடையில் கடிதம். ஜெல்மீனா எலிசேயோவின் சிலுவையைப் படமெடுத்து அனுப்பினாள். அங்கே போர்த்தலூமேக்கள் நூற்றைம்பது பேருக்குக் குறையாது என்று நேலிதா எழுதினாள். கூட்டுறவுப் பால் பண்ணைக் கூட்டத்தில் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிக் கூடம் எழுந்திருக்குமாம். அதை வாசித்துவிட்டு ஜெல்மீனா செவெரீனோவின் படத்துக்கு முன்னால் நின்று சத்தமாக இன்னொரு முறை வாசித்தாள். பதில் கடிதத்தின் அடியில் 'ஜெல்மீனா போர்த்தலூமே' என்று கையெழுத்துப் போட்டாள்.

அர்ஜென்டினாவிலிருந்து அழைப்பு வந்தால் அவள் நடைவழியில் நின்றுகொண்டேதான் பேசுவாள். ஒரு மணி நேரமானாலும் உட்கார மாட்டாள். அடுத்த வீட்டு வான்தா கேலி செய்வாள்: "என்னடி, அந்தப் பக்கம் ராணி பேசற மாதிரி எழுந்து நிக்கற? ஒரு நாற்காலி போட்டுக்கயேன்!"

"கால் வலிக்கலடி."

"அந்தப் பொண்ணு உன்ன சீமாட்டின்னு நெனச்சிட்டிருக்கும். சர்க்கரை ஆலைல முப்பது வருஷம் பீட்ரூட் கழுவினவன்னு சொன்னியா?"

"அது சொன்னேன்" என்றாள் ஜெல்மீனா. அது மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் செப்டம்பரில் கல்லறைத் தோட்டத்து வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வடக்குச் சுவரோரம் இருக்கும் பழைய மண்குழிகளைத் தோண்டி எடுக்கப் போகிறார்கள். உறவினர் எழுதிக் கேட்டால் எலும்புகளைச் சிறு பெட்டியில் வைத்துக் குடும்பத்தாரின் சுவர்க் கல்லறையில் சேர்க்கலாம். கேட்க ஆளில்லாதவை பொதுக் குழிக்கு. கடைசி நாள் அக்டோபர் பதினைந்து.

அவள் மறுநாளே நகராட்சிக்குப் போனாள். பதிவுப் பிரிவில் லோரிஸ் இருந்தான். முப்பத்தைந்து வயது. அவன் அம்மா அவளோடு ஆலையில் வேலை பார்த்தவள்.

"செவெரீனோ பக்கத்துல வெச்சிடலாம், லோரிஸ். அவரோட சுவர்க் கல்லறைல இடம் இருக்கு."

லோரிஸ் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "உங்க வீட்டுக்காரரா இருந்தா நீங்களே கையெழுத்துப் போடலாம், ஜெல்மீனாம்மா. இது அவரோட தாத்தா. ரத்த சொந்தம் போடணும்னு எழுதியிருக்கு."

"நாப்பது வருஷமா அந்தச் சிலுவைக்கு பெயிண்ட் அடிக்கறது யாரு? ரத்தமா?"

"நீங்கதான். எனக்குத் தெரியாதா? ஆனா காகிதத்துக்குத் தெரியாதே. போர்த்தலூமே யாராவது ஒருத்தர் இருந்தாப் போதும். எங்க இருந்தாலும் சரி. ஃபேக்ஸ்ல அனுப்பினாலும் வாங்கிக்கறேன்."

எங்கே இருந்தாலும் சரி. அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்தாள். நேலிதாவைக் கேட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். ஆனால், 'நீங்களே போடலாமே அக்கா' என்பாளே அவள். அதற்குப் பதில் சொன்னால் ஆறு வருஷமும் பொய் என்று ஆகிவிடும். அந்தப் பெண் தேடி வந்தது செவெரீனோவின் ரத்தத்தை. பீட்ரூட் கழுவிய கிரிவெல்லாரோ ஒருத்தியை அல்ல. அதற்குப் பிறகு யார் மாதாமாதம் கூப்பிடுவார்கள்?

சொல்லாமல் இருந்தால் தொலைபேசி அடிக்கும். சொன்னால் எலிசேயோ பிழைப்பார். பத்து நாள் இப்படியே போயிற்று. ஒரு நாள் கல்லறைக்குப் போனபோது எலிசேயோவுக்கு இரண்டு பக்கமும் சிலுவைகளில் மஞ்சள் சீட்டுக் கட்டியிருந்தது. கேட்க ஆள் உண்டு என்பதற்கு அடையாளம். நடுவில் இவருடையது மட்டும் வெறுமையாக நின்றது. வெள்ளத்தன்று பள்ளிக்கூடத்து மூலையில் தனியாக எழுந்து நின்றவன் அவளுக்கு நினைவுக்கு வந்தான்.

அன்று மதியம் முதல் தடவையாக அவளே எண்ணைச் சுழற்றினாள். அங்கே காலை பத்து மணி.

"அக்கா! நீங்களா? உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

"ஒண்ணும் இல்ல. நேலிதா, நான் ஒண்ணு சொல்லணும். நடுவுல பேசாம கேளு." சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டாள். "நான் போர்த்தலூமே இல்ல. செவெரீனோ என் அண்ணன் இல்ல. என் வீட்டுக்காரர். நான் கிரிவெல்லாரோ. நீ அண்ணனான்னு கேட்டதும் நான் திருத்தல. தப்பு என்மேலதான்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மாடு கத்தியது. பிறகு நேலிதா சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை.

"என்னடி சிரிக்கற?"

"அக்கா, நான் மட்டும் யாருன்னு நெனச்சீங்க? நான் பொறந்தது போனான்சேயா வீட்டுல. எங்க ஆளுங்க மலைப்பக்கத்துக்காரங்க. போர்த்தலூமே என் புருஷன் பேரு! இங்க கட்டினவன் பேரச் சேர்த்துத்தான் எழுதுவோம். நீங்க கேக்கல, எனக்கும் சொல்லணும்னே தோணல."

"அப்போ அந்தப் பேச்சு? எங்க ஊர்ப் பேச்சு அச்சு அசலா பேசறியே!"

"என் மாமியார் குடுத்தது. அவங்க சமையக்கட்டுல வேற பேச்சே நடக்காது. இருபது வருஷம் ஒண்ணா சமைச்சோம்." நேலிதாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. "அவங்க போனப்புறம் இந்த வீட்டுல அதப் பேச யாருமே இல்லக்கா. ரூபேனுக்குப் புரியும், வாயத் திறக்க மாட்டான். ஒரு நாள் பாத்திரத்தோட பேசிட்டிருந்தேன். அன்னிக்குத்தான் தூதரகத்துக்குப் போய்ப் புத்தகத்தத் தொறந்தேன்."

ஜெல்மீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எலிசேயோவின் விஷயத்தைச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பக்கம் கூச்சல் எழுந்தது.

"ரூபேன்! கையக் கழுவிட்டு உள்ள வா! ஒரு கையெழுத்து வேணும்!"

தூரத்தில் ஓர் ஆண் குரல்: "எதுக்கு?"

"எலிசேயோவுக்கு!"

"அது யாரு?"

"உங்க தாத்தாவோட தம்பி!"

"அவருக்கு என்ன ஆச்சு?"

"செத்துட்டார்!"

"ஐயையோ, எப்போ?"

"முப்பத்தொண்ணுல!"

"அவசரமா?" என்றது அந்தக் குரல்.

ஜெல்மீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தக் கேள்வியைச் செவெரீனோ கேட்டதுபோலவே இருந்தது. அதே நிதானம். ரத்தம் என்று லோரிஸ் சொன்னது இதைத்தானோ என்னவோ.

பதிமூன்றாம் தேதி ஃபேக்ஸ் வந்தது. அடையாள அட்டையின் நகல் கரியாக வந்திருந்தது. முகத்தில் மூக்கு மட்டும் தெரிந்தது. கையெழுத்து தெளிவாக இருந்தது. லோரிஸ் முத்திரை குத்திவிட்டு, "பாருங்க, ஒரு போர்த்தலூமே கெடச்சாச்சு" என்றான். மஞ்சள் சீட்டை அவனே வந்து கட்டினான்.

நவம்பர் இரண்டுக்கு முந்தின வாரம் தோண்டினார்கள். பெட்டி ஒரு ரொட்டிக்கூடை அளவுதான் இருந்தது. வேலையாள் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தான். ஜெல்மீனா வேண்டாம் என்று தானே தூக்கிக்கொண்டாள். மூடுபனிக்குள் சரளைப் பாதையில் மெதுவாக நடந்தாள். முன்னால் நடந்த வான்தா, "பாத்து, இங்க பள்ளம்... இங்க படி" என்று சொல்லிக்கொண்டே போனாள். செவெரீனோவின் பக்கத்தில் வைத்து மூடினார்கள்.

வீட்டுக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

"முடிஞ்சுதாக்கா?"

"முடிஞ்சுது. ரொம்ப லேசா இருந்தார்."

"போட்டோ?"

"எடுத்தேன். பாதி என் விரல்தான் விழுந்திருக்கும்."

"பரவால்ல, அனுப்புங்க. அக்கா, என் மாமியார் கல்லறைத் திருநாளுக்குப் பூசணிக்காய் போட்டு ஒண்ணு கிண்டுவாங்க. மாவு எவ்வளவுன்னு எனக்கு மறந்தே போச்சு. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? கொஞ்சம் இரு" என்றாள் ஜெல்மீனா. ரிசீவரை ஓரமாக வைத்துவிட்டு, சமையலறை நாற்காலியை நடைவழிக்கு இழுத்து வந்து போட்டு உட்கார்ந்தாள்.

"ம், சொல்றேன். காயை முதல்ல அடுப்புல வாட்டணும்..."