இன்னும் இறங்காத கட்டி

நடந்தவை, வரிசையாக:

1. அம்மாவுக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தது. வலி இல்லை. உடம்புச் சூடு என்று மோர் குடித்தார்.

2. எஸ்டேட் டிஸ்பென்சரியில் நீர்க்கடுப்புக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரத்தம் நின்றது. மறுபடி வந்தது. மறுபடி மாத்திரை.

3. கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்தோம். சிறுநீர்ப்பைக்குள் கட்டி. குழாய் வழியாகச் சுரண்டி எடுத்தார்கள்.

4. புற்றுநோய். வேகமாக வளரும் வகை. ஆனால் உட்சுவரைத் தாண்டித் தசைக்குள் இறங்கவில்லை.

அம்மா கோத்தகிரிக்கு அருகே அரவேணுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் முதுகில் பை மாட்டித் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். நான் கோயம்புத்தூரில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

வாரம் ஒருமுறை பி.சி.ஜி. மருந்தை (குழந்தைகளுக்குத் தடுப்பூசியாகப் போடும் அதே வலுக்குறைந்த கிருமி) சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைக்க முடியுமா என்று நர்ஸ் கேட்டார்.

"ஏனுங்க சிஸ்டர், காலைல தேயிலைக்குள்ள எறங்குனா மத்தியானச் சங்கு வரைக்கும் அடக்குவோமுங்க. பொம்பளைங்க அங்க எங்கீங்க ஒதுங்கறது?"

வார்டே சிரித்தது. சில வாரங்களில் மருந்து உட்சுவரைப் புண்ணாக்கியது. அதே அம்மா, கோத்தகிரி பஸ் மலையேறி முடிவதற்குள் சிறுநீரை அடக்க முடியாமல் இரண்டு இடத்தில் இறங்கினார்.

எடுத்த கட்டியின் ஒரு துண்டை மரபணு வெளிப்பாட்டுச் சோதனைக்கு (எந்த மரபணு எவ்வளவு முனைப்பாக இயங்குகிறது என்று அளந்து, கட்டி பரவும் வாய்ப்பைக் கணிப்பது) அனுப்பச் சொன்னது நான்தான். தெரிந்துகொண்டால் முடிவெடுக்கலாம் என்று நினைத்தேன்.

முடிவு: அதிக ஆபத்துப் பிரிவு.

இத்தகைய அளவீடுகளைச் சரிபார்ப்பதே என் வேலை. அறிக்கையில் மாதிரியின் தரம் பற்றிய பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாதிரி கெட்டிருக்கிறது, மறுபடி செய்யுங்கள் என்று சொல்ல ஒரு குறையாவது கிடைக்காதா என்று தேடினேன். மாதிரி மிக நன்றாக இருந்தது.

"இந்தப் பிரிவுல நிறைய பேருக்குத் தசைக்குள்ள இறங்கியிருக்கு. எல்லாருக்கும் இல்ல. அம்மா எந்தப் பக்கம்னு இது சொல்லாது" என்றார் டாக்டர். இரண்டு வழி சொன்னார். சிறுநீர்ப்பையை இப்போதே எடுத்துவிடலாம். பிறகு வயிற்றின் மேல் ஒட்டிய ஒரு பையில் சிறுநீர் சேரும். அல்லது மருந்தைத் தொடர்ந்து, குழாய்க் கேமராவால் அவ்வப்போது உள்ளே பார்க்கலாம்.

"இப்ப எறங்கீருச்சுங்களா?" என்றார் அம்மா.

"இன்னும் இல்லம்மா."

"அப்ப எதுக்குங்க எடுக்கோணும்?"

"இறங்கின பிறகு எடுத்தா லேட்டாயிடலாம்."

"எறங்காமயே இருந்துட்டா?"

"எடுத்திருக்க வேண்டியதில்லைன்னு ஆகும். ஆனா அது அப்ப நமக்குத் தெரியாது."

அம்மா என்னைப் பார்த்தார். "முதுகுல ஒரு பை, வயித்துல ஒரு பையா? நல்லா இருக்குது போ."

பஸ்ஸில் கேட்டார்: "நீ என்ன கண்ணு சொல்ற? படிச்சவ நீதான?"

"தெரியலம்மா."

"அப்பறம் எதுக்குடி அந்த டெஸ்ட்டு?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வலியில்லாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், மாத்திரையில் நின்றுபோனாலும், ஸ்கேன் கேளுங்கள். உறுதியாகச் சொல்ல எனக்கு இது ஒன்றுதான் இருக்கிறது.

அம்மா இப்போது பொங்கலுக்கு முன்னால், ஊர் நோம்பிக்குப் பின்னால் என்று நாள் சொல்வதில்லை. கேமராவுக்கு முன்னால், கேமராவுக்குப் பின்னால் என்கிறார். அவர் குளியலறைக்குள் போனால், தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கும்வரை மறுபடி இரத்தமோ என்று கதவுக்கு வெளியே நிற்கிறேன்.

இன்றைய நிலை: சிறுநீர்ப்பையை எடுக்கவில்லை. கடைசியாகப் பார்த்தபோது புதிய கட்டி இல்லை. ஆபத்துப் பிரிவு மாறவில்லை. அடுத்த கேமரா மாசியில். அதில் இறங்கியிருப்பது தெரிந்தால் எடுத்துவிடலாம் என்று அம்மா சம்மதித்திருக்கிறார். அப்போது எடுப்பது போதுமா என்று யாருக்கும் தெரியாது.