ஓர்ஸ் ஹில் வீடும் ஒரு தோல் வட்டமும்

எழுபத்தைந்தாம் ஆண்டு ஆனியில், துறைமுகப் பக்கம் ஒரு பட்டறையில் இயந்திரம் பூட்டப் போனேன். வேலை முடிந்த மறுநாள் கண்டி பஸ் பன்னிரண்டரைக்குத்தான். சும்மா இருக்க எனக்கு வராது. ஓர்ஸ் ஹில் குன்றில் பழைய எம்.பி. குடியிருந்த வீட்டைப் பார் என்றார்கள் பட்டறைக்காரர். பஸ் நிலையத்திலிருந்து நடை இருபத்தைந்து நிமிடம். கடைசி ஏற்றத்தில் நிழல் கிடையாது.

வீடு மோசமில்லை. சுவர் இரண்டடித் தடிப்பு. மேல்மாடி யன்னலைத் திறந்தால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும். மழைத்தண்ணீர் வடியும் கூரைப் பீலியில் மூன்று ஓட்டை, கவனிக்க ஆளில்லை. எம்.பி. செத்து ஆறு வருடம். காவலாளி செல்லையா மட்டும் இருக்கிறார். விறாந்தையில் மனுக்காரர்கள் குந்தியிருக்கப் போட்ட நீள மர வாங்கு இன்னும் கிடக்கிறது. அதில் தம்பலகாமத்துக் கமக்காரர் கந்தப்பர் மடியில் ஒரு சாக்கோடு இருந்தார். சாக்குக்குள் தண்ணீர்ப் பம்பின் அடிவால்வு, உறிஞ்சு குழாயின் அடி நுனியில் பூட்டுவது. நாலு நாளாக வயலுக்குத் தண்ணீர் இல்லை. நெல் குடலைப் பருவம், கதிர் வெளியே வரப்போகிற நேரம்.

“இதை ஏன் இங்க கொண்டந்தனீங்கள்?”

“புதுப் பம்புக்குக் கடிதம் வேணும் தம்பி. கடிதம் இங்கதானே தாறவை.”

“ஆள் செத்து ஆறு வருசம்!”

“ஓம், செத்த வீட்டுக்கும் வந்தனான்.”

செல்லையா கையை விரித்தார். “நான் சொல்லிக் களைச்சிட்டன். வாங்கு கிடக்கும் மட்டும் ஆக்கள் வருவினம்.”

வால்வைப் பறித்துக் கழற்றினேன். பம்பில் பிழையே இல்லை, உள்ளே தோல் வட்டம் உக்கிப்போயிருந்தது. இறக்குமதி நின்ற காலம். புதிது கிடைப்பதற்குள் பயிர் கருகிவிடும். மணி பதினொன்று நாற்பது. குறடும் சாவிகளும் வைக்கிற என் ஆயுதப் பையின் தோல் மூடியை, செல்லையா அடுப்படியிலிருந்து எடுத்துத் தந்த குசினிக் கத்தியால் வட்டமாக வெட்டிப் பூட்டினேன்.

“அப்ப கடிதம்?”

“தண்ணி வந்தா ஏன் கடிதம்?”

“வராட்டி?”

பையைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினேன். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பதினைந்து மைல். தம்பலகாமத்தில் அவர் இறங்கினார், பஸ் நகர முன் நானும் குதித்தேன். தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் போனால் கண்டிவரை அதே யோசனைதான்.

வால்வைப் பூட்டிப் பம்பை இழுத்து இயக்கினோம். இரண்டு தரம் வெறும் காற்று. மூன்றாம் தரம் சேறு, பிறகு தண்ணீர். பக்கத்து வயல்காரர் ஓடி வந்தார். கந்தப்பர் அவரிடம் சொன்னார்: “நான் சொல்லேல்லையே? அந்த வீட்டுக்குப் போனா காரியம் நடக்கும்.”

அடுத்த பஸ் நாலரைக்குத்தான் வந்தது. அந்த வீட்டைப் பார்க்கப் போகிறவர்கள் வெயிலுக்கு முன், ஒன்பது மணிக்குள் மலை ஏறுங்கள். அந்த வாங்கில் இருந்தால் உங்களை மனுக்காரர் என்பார்கள். பையோடு பக்கத்தில் நின்றால் எம்.பி.யின் ஆள்.