துருக்கியிலிருந்து வந்த நம் வீட்டுப் பெயர்கள்

டப்பிங் தொழிலில் முதலாளி யாரென்றால் திரையில் அசைகிற வாய்தான். அது திறந்தால் நாமும் திறக்க வேண்டும், மூடினால் மூட வேண்டும்.

நீண்ட காலம் ஒரு பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்தவள் நான். பிறந்தநாள் படத்தின் கீழே ஒரு பிள்ளையின் பெயரில் ஒற்றைக் கொம்பு விடுபட்டால் போதும், மறுநாள் காலையில் தாய் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிடுவாள். ஆகவே பெயர் விடயத்தில் இனி எனக்கு அதிர்ச்சி எதுவும் மிச்சமில்லை என்று நம்பித்தான், ஓய்வு பெற்ற பிறகு வெள்ளவத்தையில் ஒரு டப்பிங் கூடத்துக்கு வசனம் திருத்தப் போனேன். பிறர் எழுதியதைத் திருத்திச் சாப்பிடும் தோழர்களே, நீங்கள் அப்படி எதையும் நம்பிவிடாதீர்கள்.

கூடம் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில், ஒரு மேல்மாடியில் இருக்கிறது. ரயில் போகும்போதெல்லாம் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நடத்துபவர் தவம். தகப்பன்மார், பொலிஸ்காரர், வில்லன்கள் எல்லோருக்கும் குரல் கொடுப்பவர் கொட்டாஞ்சேனை அன்ரன். மட்டக்குளியிலிருந்து வரும் ரிஸானா, அதுவரை அழுகிற குழந்தைக்கும் கூட்டத்தில் ஒப்பாரி வைப்பவளுக்கும்தான் குரல் கொடுத்து வந்தாள். நாங்கள் எடுத்த துருக்கி நாடகத்தில்தான் முதன்முறையாக முகமும் பெயரும் உள்ள ஒரு பாத்திரம் அவளுக்குக் கிடைத்தது. சந்தையில் மரக்கறி விற்கும் ஹாதிஜே. கதையே அவளைச் சுற்றித்தான்.

ரமழான் குடித்துவிட்டு வந்தார்

வசனம் துருக்கியிலிருந்து ஆங்கிலத்தில் வரும். அதை ஒரு பல்கலைக்கழக மாணவர் தமிழாக்குவார். முதல் நாள், நேரமின்மையால் நான் பார்க்காமலே அது ஒலிப்பதிவுக்குப் போய்விட்டது. ரிஸானா ஒலிவாங்கியின் முன்னால் நின்று முதல் வரியை உரக்க வாசித்தாள்: "ரமழான் நேற்றும் குடித்துவிட்டுத்தான் வந்தார்." வாசித்த அடுத்த கணமே காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள். "மிஸ், ஆரு வந்த? என்ன குடிச்சிட்டு வந்த?"

ஓடிப்போய் விளக்கினேன். ரமஸான் என்பது ஹாதிஜேயின் அண்ணன். துருக்கியில் நோன்பு மாதத்தில் பிறந்த ஆண் பிள்ளைக்கு ரமஸான் என்றும், ரஜப் மாதத்தில் பிறந்தால் ரெஜெப் என்றும், ஷஃபானில் பிறந்தால் ஷாபான் என்றும் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. மாதம் அரபி, பிள்ளை துருக்கி. வளர்ந்து அவன் என்ன குடிக்கிறான் என்பதற்கு மாதம் பொறுப்பில்லை.

அன்ரனுக்கு நம்ப முடியவில்லை. "எங்கட ஆக்கள் இப்பிடிச் செய்யமாட்டினம் தாயே. தவக்காலத்தில பிறந்தவனைத் தவக்காலம் எண்டு கூப்பிட்டா, அவன் வாழ்நாளில ஒரு துண்டு இறைச்சி சாப்பிடுவானா?" என்று கேட்டார். ரிஸானா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உங்கட மச்சான் நோயல்? அந்தப் பேர்ட அர்த்தம் நத்தார், கிறிஸ்மஸ் தானே அன்ரன் அங்கிள்! நத்தாரும் நேத்துக் குடிச்சிட்டுத்தானே வந்த, நீங்கதானே செல்லினீங்க!"

உம்மாவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு

அதற்குப் பிறகு, நாடகத்தில் வரும் பெயர்களுக்கெல்லாம் உச்சரிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினேன். சிறுவர் பக்கப் பழக்கம், பக்கத்திலேயே விளக்கமும் எழுதினேன். அரபிப் பெயர்கள் துருக்கிக்குப் பெரும்பாலும் பாரசீகத்தைத் தாண்டித்தான் போயின. போகிற வழியில் ஒவ்வொரு ஊர் வாயும் தனக்கு வசதியானபடி அவற்றைத் தேய்த்துக்கொண்டது. உதுமான் அங்கே ஒஸ்மான். ஆமினா, எமினே. ஆயிஷா, ஆய்ஷே. பாத்திமா துருக்கியில் ஃபாத்மா, ஈரானில் ஃபாத்தெமே, பொஸ்னியாவில் செல்லமாக ஃபாத்தா. உய்குர் மக்களிடம் போனால் பாத்திமே. நம்மைப் போலவே அவர்களுக்கும் முதலில் வரும் அந்த ‘ஃப’ வாயில் நிற்கவில்லை.

ரிஸானா விரலை வைத்து வைத்து வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் கண் விரிந்தது. ஃபாத்மா அவள் ராத்தா என்று கூப்பிடும் அக்காவின் பெயர், எமினே மாமியாரின் பெயர், ஹாதிஜே என்பது கதீஜா, அவளைப் பெற்ற உம்மாவின் பெயர். "மிஸ், இது முழுக்க எங்கட கலியாண வீடு!" என்றவள் உடனே உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

துருக்கியிலும் தன் பெயர் இருப்பதைக் கேட்டு உம்மாவுக்குப் பெரிய சந்தோசம். அந்தக் கதீஜா என்ன செய்கிறாள் என்று கேட்டார். சந்தையில் மரக்கறி விற்கிறாள், வாயைத் திறந்தால் தூசணம்தான் என்று மகள் உண்மையைச் சொல்லிவிட்டாள். மறுமுனையிலிருந்து உடனே வந்தது:

"என்ட பேர வெச்சிக்கிட்டா அவ தூசணம் பேசுற? அப்ப அவட உம்மா எங்க போன?"

மேலிடத்து யோசனை

எங்கள் வாடிக்கையாளர் ஒரு தொலைக்காட்சி நிலையம். அங்கிருந்து ஓர் அதிகாரி தவத்தைக் கூப்பிட்டு, இந்தத் துருக்கிப் பெயர்கள் நம் சனத்துக்கு விளங்காது, எல்லாவற்றையும் இங்கே தெரிந்த பெயராக மாற்றுங்கள் என்றார். ஹாதிஜே கதீஜாவாகட்டும், ஒஸ்மான் உதுமானாகட்டும். தவம் சரி என்றார். ஹாதிஜேக்கு ஒரு மகன் இருக்கிறான், பெயர் மெஹ்மெத். அவன் முகம்மது ஆனான்.

அன்றைய காட்சி இது. மகன் களவெடுத்துப் பிடிபட்டிருக்கிறான். தாய் பொலிஸ் நிலையத்துக்கு ஓடிவந்து, அவன் சட்டைக் கழுத்தைப் பிடித்து, பெயர் சொல்லி, "நாயே!" என்று ஏசுகிறாள். ஒரு தடவை அல்ல. அந்தப் பெயரும் அந்தச் சொல்லும் காட்சி முழுவதும் சேர்ந்தே வருகின்றன. மாற்றிய வசனத்தைக் கையில் வாங்கியதும், நபிகள் நாயகத்தின் பெயரோடு இந்தச் சொல்லா என்று கேட்டேன். வாயசைவும் பொருந்தாது என்று தவத்திடம் சொல்லிப் பார்த்தேன். மெஹ்மெத் என்று அந்த வாய் மூடிய பிறகும் முகம்மது முடியாமல் வெளியே நிற்கும். "வேகமாச் சொன்னாச் சரி" என்றார் தவம்.

ரிஸானா ஒலிவாங்கியின் முன்னால் போய் நின்றாள். ரயில் ஒன்று வந்தது, நிறுத்தினோம். ரயில் போயிற்று. தவம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைக் காட்டினார். அவள் தாளைக் கீழே வைத்தாள். இந்தக் காட்சியைச் சொல்லாவிட்டால் ஹாதிஜே பாத்திரம் கையை விட்டுப் போகும், திரும்பவும் அழுகிற குழந்தைதான் என்பது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"தவம் அண்ணா, வேற ஆருக்காச்சும் குடுங்க. அந்தப் பேரோட அந்தச் சொல்லச் சேத்து என்ட வாயால வராது."

யார் யாரை எப்படி ஏசுவது

தவம் கெட்டவரல்ல. வெள்ளிக்கிழமைவரை யோசிக்கும்படி அவளிடம் சொன்னார். ஆனால் அவருக்கு விசயம் பிடிபடவேயில்லை. தேநீர் குடிக்கும்போது என்னிடம் குறைப்பட்டார். "ஒரு பேர்தானே அக்கா? என்ர அண்ணருக்குச் சிவகுமாரன் எண்டு பேர். சிவா எருமை, சிவா கழுதை எண்டு அப்பா ஏசாத நாள் இல்லை. சிவபெருமான் ஒரு நாளும் கோவிக்கேல்லையே!"

நான் திகைத்துவிட்டேன். எத்தனை சிவகுமாரன்களை, எத்தனை முகம்மதுகளை, எத்தனை யேசுதாசன்களை என் சிறுவர் பக்கத்தில் அச்சேற்றியிருப்பேன்! வீட்டுக்குள்ளே அந்தப் பிள்ளைகளை எந்தப் பெயர் சொல்லி ஏசுகிறார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அன்ரன் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி தங்கள் பக்கத்து ஏற்பாட்டைச் சொன்னார்.

"நாங்கள் யேசு எண்டு தனிய வைக்கமாட்டம் மிஸ். பின்னால ஒரு தாசனைச் சேத்துவிடுவம். பிறகு எவ்வளவு அடிச்சாலும் அடி தாசனுக்குத்தான் விழும்."

இஸ்தான்புல்லில் ஒரு மெஹ்மெத்

நாடகத்தை விற்ற நிறுவனத்திலிருந்து கிழமைக்கொரு தரம் ஒருவர் காணொளி அழைப்பில் வருவார். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் குவளையில் தேநீர் குடித்துக்கொண்டே பேசும் வழுக்கைத்தலை மனிதர். அவருடைய பெயரும் மெஹ்மெத்தான். நானும் தவத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொலிஸ் நிலையக் காட்சியில் மெஹ்மெத் என்பதை முகம்மது என்று மாற்றலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டேன். மனிதர் குவளையைக் கீழே வைத்துவிட்டார். "அந்தக் காட்சியிலா? அந்தத் தாயின் வாயிலா? யாருடைய யோசனை இது?"

அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன். இரண்டும் ஒரே பெயர்தான். ஆனால் நபியவர்களின் பெயரை முழு உருவில் அவருக்கென்றே விட்டுவைத்து, பிள்ளைகளை மெஹ்மெத் என்று கூப்பிடுவது தங்கள் பழைய வழக்கம் என்றார். இப்போது முழுப் பெயரை வைக்கிறவர்களும் உண்டாம். பிள்ளை என்றால் விழுவான், திருடுவான், ஏச்சு வாங்குவான். அந்தப் பெயர் இதிலெல்லாம் அடிபடக் கூடாது. ஆராய்ச்சிக்காரர் வேறு காரணம் சொல்லக்கூடும், தன் தாய் சொன்ன காரணம் இதுதான் என்றார். பக்கத்து அஸர்பைஜானில் அதே பெயர் மம்மத் என்று ஆகிவிட்டதாம். கேரளக் கரையிலும் மம்மது உண்டு என்று நான் சொன்னேன். இருவரும் ஒருவரை ஒருவர் வாய்பிளந்து பார்த்தோம்.

பிறகு அவர் எங்கள் குரல் கலைஞர்களின் பெயர்ப் பட்டியலைப் பார்த்து இன்னும் அதிர்ந்தார். முகம்மது, முகம்மது, முகம்மது! இத்தனை பேர் அந்தப் பெயரோடு இருக்கிறார்களே, இவர்களுடைய தாய்மார் எப்படித்தான் ஏசுகிறார்கள்? ரிஸானா கமராவுக்கு முன்னால் வந்தாள். "எங்கட மாப்புள முகம்மது நவாஸ், தம்பி முகம்மது பைரூஸ். எழுத்தில எல்லாருக்கும் முன்னால முகம்மது ஈக்கும். கூப்புடுறது நவாஸ், பைரூஸ். ஏசுறதும் அதுதான்." மாப்புள என்றால் கணவர் என்பதையும் சேர்த்து நான் மொழிபெயர்த்தேன். அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

"அப்படியென்றால் நாங்கள் பெயரை மாற்றினோம், நீங்கள் இன்னொரு பெயரைச் சேர்த்தீர்கள். பிள்ளைமேல் எறிகிற செருப்பு மட்டும் இரண்டு நாட்டுத் தாய்க்கும் ஒன்றுதான்!"

கிருலப்பனையிலிருந்து சுகந்தி

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். "அவர் வித்தவர் அக்கா, வாங்கினவை சொல்லுறதுதான் நடக்கும்" என்றார் தவம். வெள்ளிக்கிழமை காலையில் புதிதாக ஒரு பெண் வந்தாள். சுகந்தி, கிருலப்பனை. நல்ல கணீரென்ற குரல். ரிஸானா கதவருகே ஒரு கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுகந்தி வசனத்தைப் பார்த்தாள், ஒரே எடுப்பில் பேசினாள். ஒரு குறையும் சொல்ல முடியாத ஏச்சு. அந்தப் பெயரும் அந்தச் சொல்லும் பெரிய ஒலிபெருக்கியில் சேர்ந்து வந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது. தாளில் படிப்பது வேறு, காதால் கேட்பது வேறு. அன்ரன் சிலுவை போட்டுக்கொண்டார். தவத்தின் கை பொத்தானுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. சுகந்திக்கே முகம் மாறிவிட்டது.

"அண்ணா, எங்கட ஒழுங்கையில முகம்மது எண்டு கூப்பிடுற ஒருத்தரும் இல்லை, எல்லாரும் ரிஸ்வி, நௌபர். ஆனா இதைக் கேட்டா எல்லாரும் ஒண்டாத் திரும்பிப் பாப்பினம்."

மேலிடத்தின் கேள்வி

தவம் அந்த ஒலித் துண்டை அப்படியே வட்ஸ்அப்பில் அதிகாரிக்கு அனுப்பினார். ஒரு சொல்லும் எழுதவில்லை. நாங்கள் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். அது கொதிப்பதற்குள் அழைப்பு வந்துவிட்டது. தவம் ஒலிபெருக்கியில் போட்டார். அதிகாரி கத்தினார்.

"தவம், உங்களுக்கென்ன விசரா? இதைப் போட்டா நாளைக்கு எங்கட கேற்றுக்கு முன்னால ஊரே நிக்கும்! ஆர் உங்களை முகம்மது எண்டு மாத்தச் சொன்னது?"

ஹாதிஜே வாய் திறந்தாள்

மெஹ்மெத் மெஹ்மெத்தாகவே திரும்பி வந்தான். அவனோடு ஹாதிஜேயும் ஒஸ்மானும் வந்தார்கள். சுகந்தி வேறு பாத்திரம் ஒன்றை வாங்கிக்கொண்டு, கதவருகேயிருந்த கதிரையை ரிஸானாவிடமிருந்து வாங்கி உட்கார்ந்தாள். ரிஸானா உள்ளே போனாள்.

நான் வசனம் திருத்துபவள். அன்று திருத்துவதற்கு எனக்கு எதுவும் இருக்கவில்லை. தாளில் இருந்ததையும் ஏசினாள், இல்லாததையும் ஏசினாள். அந்தத் துருக்கித் தாயின் வாய் எத்தனை தடவை திறந்ததோ அத்தனை தடவையும் மட்டக்குளியிலிருந்து ஒரு சொல் போய் அதற்குள் சரியாக உட்கார்ந்தது. பொலிஸ்காரராகப் பேசவேண்டிய அன்ரன் தன் வசனத்தை மறந்து, ஏச்சு தனக்குத்தான் என்பது போல் நின்றார். பத்திரிகையில் இருந்த காலமெல்லாம் நான் பார்த்த கோபக்காரத் தாய்மார் எல்லோரையும் சேர்த்தாலும் இப்படி இருந்திருக்காது. முடித்துவிட்டு வெளியே வந்த ரிஸானா, ஒரு போத்தல் தண்ணீரைக் குடித்தாள். கண்ணில் நீர் நின்றது, முகமோ சிரித்தது. இவ்வளவும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்டேன்.

"எங்கட மூத்தவனுக்கு முஸ்தபா எண்டு பேரு வெச்சம் மிஸ். அதுவும் நபிட பேருதானே! எத்தின வருசமா வாயக் கட்டிக்கிட்டு ஈக்கிறேன், இன்டக்கித்தான் மனசாற ஏசினேன்!"

நல்ல பெயர் தேடி அரபு நாடுவரை போகிற மனிதர்கள், அதைப் பிள்ளைக்கு வைத்த மறுநாளே ஏசுவதற்கு வசதியாகத் திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். அதே வேலைக்குச் சம்பளம் வாங்குவது என்னவோ நான் மட்டும்தான்.